பிரிட்டிஷ் ராணுவப் பென்ஷன் வாங்கிய மூதாதையரைத் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பிரிட்டிஷ் ராணுவத்தில் சிப்பாயாகவோ கார்ப்பரலாகவோ சார்ஜென்ட்டாகவோ இருந்து பென்ஷன் வாங்கியவரைத் தேடுபவர்களுக்கான வழிகாட்டி இது. 1760 முதல் 1913 வரையிலான காலத்தைத்தான் விரிவாகச் சொல்கிறது. முதல் உலகப் போருக்கு ஒரு சிறிய பகுதி உண்டு.

புதிதாகத் தேடுபவர்கள் பெயரைத் தட்டிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறார்கள். இந்தக் காகிதங்கள் குடும்ப வரலாற்றுக்காக எழுதப்பட்டவை அல்ல. பணம் கொடுத்த அலுவலகம் தன் கணக்குக்காக எழுதி வைத்தவை. அதனால் பணம் கொடுத்தது யார், எந்த ரெஜிமென்ட், அப்புறம்தான் பெயர். இந்த வரிசையை மாற்றினால் வேறு யாருடைய கொள்ளுத்தாத்தாவையோ வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவீர்கள்.

1. பணம் கொடுத்தது யார் என்று முதலில் தீர்மானியுங்கள்

லண்டன் செல்ஸீயில் இருக்கும் ராயல் ஹாஸ்பிடல்தான் பெரும்பாலான சிப்பாய்களுக்குப் பென்ஷன் வழங்கியது. மக்கள்தொகைக் கணக்கில் தொழில் என்ற இடத்தில் ‘செல்ஸீ பென்ஷனர்’ என்று இருந்தால் அவர் அந்தக் கட்டடத்தில் வாழ்ந்தார் என்று நினைக்க வேண்டாம். உள்ளே தங்கியவர்கள் சில நூறு பேர்தான். மற்றவர்கள் வெளிப் பென்ஷனர்கள். சொந்த ஊரில் இருந்தபடியே பணம் வாங்கினார்கள்.

‘கிரீனிச் பென்ஷனர்’ என்று இருந்தால் இந்த வழிகாட்டி உதவாது. அவர் கடற்படைக்காரர் அல்லது மரைன் (கப்பலில் பணிபுரிந்த சிப்பாய்). அவர்களின் காகிதங்கள் கடற்படைத் தலைமையகத்தின் தொகுப்பில் இருக்கின்றன.

டப்ளினில் உள்ள கில்மைனம் ஹாஸ்பிடல் 1822 வரை தனியாக வெளிப் பென்ஷன் கொடுத்தது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அயர்லாந்தில் பிறந்தவர்களுக்கெல்லாம் கில்மைனம் என்று பொருள் இல்லை. ரெஜிமென்ட் யார் கணக்கில் இருந்தது என்பதுதான் விஷயம். அயர்லாந்துக் கணக்கில் இருந்த ரெஜிமென்ட் என்றால் அதிலிருந்த ஆங்கிலேயரும் கில்மைனம் போனார். அயர்லாந்தின் கார்க் ஊரில் பிறந்து வேறு ரெஜிமென்ட்டில் சேர்ந்தவர் செல்ஸீக்குப் போனார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்குக் கம்பெனியே பென்ஷன் கொடுத்தது. அதைப் பகுதி 7-இல் பார்க்கலாம். அதிகாரிகளுக்குச் செல்ஸீ பென்ஷனே கிடையாது. அவர்கள் அரைச்சம்பளத்தில் ஓய்வு பெற்றார்கள் அல்லது பதவியை விற்றுவிட்டுப் போனார்கள். வீட்டில் ‘கேப்டன்’ என்று சொல்லி வந்த தாத்தாவைச் செல்ஸீ காகிதங்களில் தேடி மாதக்கணக்கை வீணாக்க வேண்டாம். முதலில் அந்தந்த ஆண்டின் ராணுவ அதிகாரிகள் பட்டியலைப் பாருங்கள். அதில் பெயர் இல்லை என்றால் கேப்டன் பட்டம் அநேகமாக வீட்டில் கொடுத்தது.

2. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

தோராயமான பிறந்த ஆண்டு, பிறந்த பாரிஷ் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) அல்லது மாவட்டம், மனைவி பெயர், மூத்த பிள்ளைகள் பிறந்த இடங்கள். இந்த நான்கில் மூன்றேனும் கையில் இல்லாமல் தேடலைத் தொடங்காதீர்கள். ஜான் ஸ்மித், வில்லியம் பிரவுன் போன்ற பெயர்களில் ஒரே ரெஜிமென்ட்டில் ஒரே காலத்தில் பல பேர் இருந்தார்கள். பிறந்த பாரிஷ் ஒன்றுதான் அவர்களைப் பிரித்துக் காட்டும்.

வீட்டில் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பதவி, எண், பெயர், ரெஜிமென்ட் எல்லாம் பெரும்பாலும் விளிம்பில்தான் இருக்கும். பாலிஷ் போட வேண்டாம். தேய்ந்த எழுத்து திரும்ப வராது. நீண்ட சேவைக்கும் நன்னடத்தைக்குமான பதக்கம் என்றால் பென்ஷன் பெற்றிருக்கும் வாய்ப்பு மிக அதிகம். போர்ப் பதக்கம் மட்டும் என்றால் அப்படி முடிவு செய்ய முடியாது.

எண் கிடைத்தால் ஓர் எச்சரிக்கை. 1920 வரை சிப்பாயின் எண் ராணுவம் முழுவதற்கும் பொதுவான எண் அல்ல, அந்த ரெஜிமென்ட்டின் எண். ரெஜிமென்ட் மாறினால் எண்ணும் மாறும். எண்ணை ரெஜிமென்ட் பெயரோடு சேர்த்தே குறித்து வையுங்கள்.

3. ரெஜிமென்ட்டைப் பிடியுங்கள்

ரெஜிமென்ட் தெரியவில்லை என்றால் பிள்ளைகளின் பிறப்பிடத்திலிருந்து தொடங்குங்கள். இங்கிலாந்தின் 1851, 1861 கணக்குகளில் ஒரு பென்ஷனர் வீட்டில் மூத்த மகள் ஜிப்ரால்டரிலும் அடுத்தவன் சிலோனிலும் கடைக்குட்டி டோவரிலும் பிறந்ததாக இருக்கும். அந்த மூன்று ஊர்களிலும் அந்தந்த ஆண்டுகளில் முகாமிட்டிருந்த ரெஜிமென்ட்கள் எவை என்று மூன்று பட்டியல் போடுங்கள். மூன்றிலும் வருபவை ஒன்றோ இரண்டோதான் இருக்கும்.

அதை உறுதி செய்ய இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகத்தில் ரெஜிமென்ட்களின் பிறப்பு, ஞானஸ்நானப் பதிவேடுகள் இருக்கின்றன. 1761 முதல் 1924 வரையிலானவை. பிள்ளையின் சான்றிதழில் தந்தையின் ரெஜிமென்ட் வந்துவிடும்.

1881-இல் காலாட்படை ரெஜிமென்ட்கள் எண்ணை விட்டு மாவட்டப் பெயர்களுக்கு மாறின. பல இரண்டிரண்டாக இணைந்தன. 44-ம் ரெஜிமென்ட்டும் 56-ம் ரெஜிமென்ட்டும் சேர்ந்து எஸெக்ஸ் ரெஜிமென்ட் ஆயின. 1879-இல் 44-இல் இருந்தவர் 1885-இல் எஸெக்ஸில் இருந்தால் இரண்டு பேர் என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள். இரண்டு பெயர்களிலும் தேடுங்கள்.

4. டிஸ்சார்ஜ் காகிதத்தைக் கண்டுபிடியுங்கள்

முக்கியமான தொகுப்பு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 97. ‘டபிள்யூ.ஓ.’ என்பது போர் அலுவலகத்தின் முதலெழுத்துகள். தேடும்போது அந்த இரண்டு ஆங்கில எழுத்துகளையும் எண்ணையும் அப்படியே தட்டுங்கள். 1760 முதல் 1913 வரை விடுவிக்கப்பட்ட சிப்பாய்களின் காகிதங்கள் இதில் இருக்கின்றன.

1882 வரை இதில் இருப்பவர்கள் பென்ஷனோடு விடுவிக்கப்பட்டவர்கள் மட்டுமே. பணியில் இறந்தவர், ஓடிப்போனவர், பணம் கட்டி விலகியவர் இதில் இல்லை. 1883 முதல் பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் காகிதங்களும் சேர்ந்துவிட்டன. அதனால் 1890-இல் ஒருவர் பெயர் இருந்தால் அது பென்ஷனுக்கு ஆதாரம் ஆகாது. 1870-க்குப் பிறகு குறுகிய காலச் சேவையில் சேர்ந்த பெரும்பாலோர் பென்ஷன் வரும் வரை நீடிக்கவே இல்லை.

1854 வரையிலான காகிதங்களைக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பெயர், பிறந்த ஊர் வைத்துக் கட்டணம் இல்லாமலே தேடலாம். பெயர், பிறந்த பாரிஷும் மாவட்டமும், சேவை செய்த ரெஜிமென்ட், விடுவிக்கப்பட்ட வயது என்ற வரிசையில் ஒவ்வொரு பதிவும் இருக்கும். இங்கே பெயரை விட்டுவிட்டுப் பாரிஷ் பெயரை மட்டும் போட்டுப் பாருங்கள். அந்த ஊரிலிருந்து போன அத்தனை பென்ஷனர்களும் வரிசையாக வருவார்கள். குமாஸ்தா கோணலாக எழுதிய உங்கள் ஆளின் பெயரும் அதில் மாட்டும். பெயர்த் தேடலில் விழாத பலர் இப்படித்தான் அகப்படுகிறார்கள்.

1855 முதல் 1872 வரை மூலப்பெட்டிகள் ரெஜிமென்ட் வாரியாக அடுக்கப்பட்டவை. 1873 முதல் 1882 வரை குதிரைப்படை, பீரங்கிப்படை, காலாட்படை என்று பிரித்து அகரவரிசை. 1883-க்குப் பிறகு ராணுவம் முழுவதற்கும் சேர்த்து அகரவரிசை (1900 வரை ஒன்று, அதன் பின் 1913 வரை இன்னொன்று). காகிதங்களின் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் சந்தாவோடு கிடைக்கின்றன. பெயர்த் தேடல் கைவிட்டால் இந்த அடுக்கு முறையை வைத்துத்தான் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கும்.

கில்மைனம் பென்ஷனர் என்றால் டபிள்யூ.ஓ. 119 (1783 முதல் 1822 வரை). செல்ஸீக்காரர் டபிள்யூ.ஓ. 97-இல் இல்லை என்றால் டபிள்யூ.ஓ. 121. அதுவும் டிஸ்சார்ஜ் காகிதங்கள்தான். வேறு கட்டுகளில் தங்கிப் போனவை.

நேரில் போவதாக இருந்தால் வாசகர் அட்டைக்கு அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் வேண்டும். படமாக்கப்பட்ட காகிதங்களின் மூலத்தைப் பொதுவாக வெளியே எடுத்துத் தரமாட்டார்கள். ஆனால் காப்பகத்தின் கணினிகளில் ஃபைண்ட்மைபாஸ்ட்டையும் ஆன்செஸ்ட்ரியையும் இலவசமாகப் பார்க்கலாம்.

5. காகிதத்தை வரி வரியாக வாசியுங்கள்

பலர் பிறந்த ஊரை மட்டும் குறித்துக்கொண்டு மூடிவிடுகிறார்கள். காகிதத்தின் மதிப்பே மீதியில்தான் இருக்கிறது.

மேல்பகுதியில் பாரிஷ், அருகிலுள்ள நகரம், மாவட்டம் என்று மூன்று இடப்பெயர்கள் வரும். ‘இந்த நகரத்திலோ அதற்கு அருகிலோ’ என்று அச்சடித்த சொற்களுக்கு இடையே கையால் எழுதியிருப்பார்கள். ஞானஸ்நானப் பதிவைத் தேட வேண்டியது பாரிஷில், நகரத்தில் அல்ல.

அடுத்து தொழில். ‘கூலி’, ‘நெசவாளி’, ‘செருப்புத் தைப்பவர்’ என்று இருப்பது ராணுவத்தில் சேருமுன் செய்த வேலை. பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள் பலர் பழைய தொழிலுக்கே போனார்கள். அடுத்த மக்கள்தொகைக் கணக்கில் ‘நெசவாளி’ என்று மட்டும் இருப்பவர் உங்கள் பென்ஷனராக இருக்கலாம்.

சேவைக் கட்டத்தைத்தான் மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். கட்டத்தில் உள்ள மொத்த ஆண்டும், சேர்ந்த தேதியிலிருந்து விலகிய தேதி வரை எண்ணினால் வரும் ஆண்டும் பெரும்பாலும் ஒத்துவராது. குமாஸ்தா கணக்கில் பிசகிவிட்டார் என்று விட்டுவிட வேண்டாம். பதினெட்டு வயதுக்கு முந்தைய சேவை பென்ஷனுக்குச் சேராது, கழிக்கப்படும். ஓடிப்போயிருந்த நாட்களும் சிறையில் இருந்த நாட்களும் கழியும். வாட்டர்லூ போரில் இருந்தவர்களுக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகச் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 1809 ஜூனில் பதினாறு வயதில் சேர்ந்து 1832 ஜூனில் விலகுகிறார். நாட்காட்டிப்படி 23 ஆண்டு. வயதுக்குக் கீழே இருந்த 2 ஆண்டு போக 21. வாட்டர்லூவுக்கு 2 சேர்த்து மறுபடியும் 23. மொத்தத்தை மட்டும் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். சிறுவனாகச் சேர்ந்ததும் வாட்டர்லூவில் நின்றதும் கண்ணுக்கே படாது. எனவே கூட்டலையும் கழித்தலையும் தனித்தனி வரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

விலகிய காரணம்: ‘தேய்ந்துபோனவர்’ என்ற சொல் அடிக்கடி வரும். நோயின் பெயர் அல்ல அது. நீண்ட சேவையால் உடல் தளர்ந்தவர் என்பதற்கான அலுவலகச் சொல். காயம் என்றால் எந்தப் போரில், உடலில் எங்கே என்று ரெஜிமென்ட் மருத்துவர் எழுதியிருப்பார்.

கீழே சம்பளப் பாக்கி தீர்ந்தது என்ற வாசகத்துக்கு அடியில் கையெழுத்து அல்லது பெருக்கல் குறி. நம் ஊர்க் கைநாட்டுபோலத்தான் அது. இருபது ஆண்டுக்கு முன் திருமணப் பதிவில் பெருக்கல் குறி போட்டவர் இங்கே கையெழுத்துப் போட்டிருந்தால் உடனே ஆள் வேறு என்று தள்ளிவிட வேண்டாம். ரெஜிமென்ட் பள்ளியில் எழுதப் படித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். முன்பு கையெழுத்துப் போட்டவர் இங்கே பெருக்கல் குறி போட்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

உயரம், முடி, கண், நிறம் என்ற அங்க அடையாளம் இறுதியில் வரும். ஓடிப்போனால் பிடிப்பதற்கும், வேறொருவர் பென்ஷனை வாங்கிவிடாமல் இருப்பதற்கும் எழுதியது. புகைப்படம் இல்லாத மூதாதையருக்கு இதுதான் முகம்.

1883-க்குப் பிந்தைய காகிதங்களில் நெருங்கிய உறவினர், திருமணம், பிள்ளைகள், ஊர் ஊராகப் பணியாற்றிய தேதிகள் எல்லாம் தனித்தாளில் வரும். பக்கங்கள் பிரிந்து படமாகியிருக்கலாம். முதல் படத்தோடு நிறுத்தாமல் அடுத்த ஆளின் பெயர் வரும் வரை புரட்டுங்கள்.

6. பென்ஷன் தொகையையும் பிந்தைய வாழ்க்கையையும் தேடுங்கள்

டிஸ்சார்ஜ் காகிதம் பென்ஷனுக்குத் தகுதியைக் காட்டும். எவ்வளவு கொடுத்தார்கள் என்பது பெரும்பாலும் சேர்க்கைப் புத்தகத்தில்தான் இருக்கும். உடல் இயலாமைக்கு டபிள்யூ.ஓ. 116, சேவைக்காலத்துக்கு டபிள்யூ.ஓ. 117, கில்மைனத்துக்கு டபிள்யூ.ஓ. 118. காரணம் ‘தேய்ந்துபோனவர்’ என்றால் 116, 117 இரண்டையும் பாருங்கள்.

இவை பெயர் வரிசையில் இல்லை. செல்ஸீ குழு ஆளைப் பரிசோதித்த தேதி வரிசையில் இருக்கின்றன. அதனால்தான் டிஸ்சார்ஜ் காகிதத்தை முதலில் கண்டுபிடிக்கச் சொன்னது. விலகிய தேதியிலிருந்து சில வாரங்கள் முன்னும் பின்னும் புரட்டினால் போதும். பெயர் இருந்தும் எதிரே நிராகரிப்பு எழுதியிருக்கலாம். தொகைக் கட்டத்தைப் பார்க்காமல் பென்ஷனர் என்று குடும்ப மரத்தில் எழுதிவிடாதீர்கள். பென்ஷனைச் சில மாதங்களுக்கு மட்டும் கொடுத்ததும் உண்டு.

தொகை நாளொன்றுக்குப் பென்ஸ் கணக்கில் இருக்கும். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. நாளுக்கு 9 பென்ஸ் என்றால் ஆண்டுக்கு 3,285 பென்ஸ். அதாவது 13 பவுண்டு 13 ஷில்லிங் 9 பென்ஸ். பத்துப் பென்ஸ் ஒரு ஷில்லிங் என்று நினைத்துப் போடும் கணக்குகள் எல்லாம் தப்பாகத்தான் வரும்.

விலகிய பிறகு எங்கே வாழ்ந்தார் என்பதற்கு டபிள்யூ.ஓ. 22. 1842 முதல் 1883 வரை, பென்ஷன் வழங்கிய மாவட்ட அலுவலகங்கள் அனுப்பிய கணக்கு இது. ஒருவர் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியதும் இறந்ததும் இதில் பதிவாகும். மக்கள்தொகைக் கணக்கின் பத்தாண்டு இடைவெளிக்குள் காணாமல் போனவர்களை இங்கேதான் பிடிக்க வேண்டும். எல்லா மாவட்டத்துக்கும் எல்லா ஆண்டும் இல்லை. பட்டியலைப் பார்த்துவிட்டுப் பெட்டியைக் கேளுங்கள்.

இங்கிலாந்தில் இறப்புப் பதிவே இல்லை என்றால் கடல் கடந்து பாருங்கள். 1847-இல் தொடங்கி பென்ஷனர்களைக் குடியேற்றப் படையாக நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு அனுப்பினார்கள். 1850 முதல் 1868 வரை கைதிக் கப்பல்களுக்குக் காவலாக மேற்கு ஆஸ்திரேலியா போனவர்களும் பென்ஷனர்களே. 1830-களில் பென்ஷனை மொத்தத் தொகையாக மாற்றி வாங்கிக்கொண்டு கனடா போனவர்கள் பின்னாளைய கணக்குகளில் வராமல் இருக்கலாம்.

7. மெட்ராஸ், சிலோன் தொடர்பு இருந்தால்

தமிழ்நாட்டு, இலங்கைக் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் பகுதிக்குத்தான் வந்து சேரும். மூன்று வகை ஆட்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதல் வகை, ராணியின் (அதாவது பிரிட்டிஷ் அரசின்) ரெஜிமென்ட்டோடு பெங்களூருக்கோ திருச்சிக்கோ திரிகோணமலைக்கோ வந்து போனவர். அவருக்குச் செல்ஸீ பென்ஷன். மேலே சொன்ன வழியே போதும். சிலோன் ரைஃபிள் ரெஜிமென்ட்டும் பிரிட்டிஷ் ராணுவத்தைச் சேர்ந்ததுதான்.

இரண்டாம் வகை, கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் இருந்த ஐரோப்பியர். பல்லாவரத்தில் பென்ஷனோடு தங்கிக் குடும்பம் பெருக்கியவர்களில் இவர்கள் அதிகம். இவர்களின் காகிதங்கள் கியூவில் அல்ல, பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள இந்தியா ஆபீஸ் ஆவணங்களில். பென்ஷன் நிதிகள் எல்/ஏ.ஜி/23 (L/AG/23) தொகுப்பில் (கிளைவ் பெயரிலான நிதி உட்பட), மெட்ராஸ் ராணுவ ஆட்பட்டியல்கள் எல்/மில்/11-இல் (L/MIL/11), மெட்ராஸ் மாகாணத் தேவாலயப் பதிவுகள் என்/2-இல் (N/2). கம்பெனியின் ஐரோப்பியப் படைகள் 1861-இல் ராணியின் ராணுவத்தோடு சேர்ந்தன. மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் 102-ம் ரெஜிமென்ட் ஆனது. அந்த ஆண்டைத் தாண்டிச் சேவை செய்தவருக்கு இரண்டு இடத்திலும் தேட வேண்டும்.

இந்த இடத்தில் நமக்கு ஒரு சாதகம் உண்டு. பதிவை ஆங்கிலத்தில் படியெடுத்தவர்களுக்கு ஊர்ப் பெயர் புரியாது. ‘டிரிப்பசூர்’ திருப்பாச்சூர் என்றும் ‘வெப்பரி’ வேப்பேரி என்றும் நாம் பார்த்தவுடன் சொல்லிவிடுவோம். தேடும்போது ஊரின் இன்றைய எழுத்துக்கூட்டலைப் போடாமல், அந்த ஊரை ஓர் ஆங்கிலேயக் குமாஸ்தா காதால் கேட்டு எப்படி எழுதியிருப்பார் என்று நான்கைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள்.

மூன்றாம் வகை, மெட்ராஸ் ராணுவத்தின் தமிழ், தெலுங்குச் சிப்பாய்கள். இவர்களுக்குச் செல்ஸீ பென்ஷன் கிடையாது, டபிள்யூ.ஓ. 97-இல் தேடுவது வீண். 1947-ஐத் தாண்டிப் பென்ஷன் வாங்கியவர் என்றால் பென்ஷன் உத்தரவுத் தாளையோ பாஸ் புத்தகத்தையோ வீட்டில் தேடுங்கள்; அதிலுள்ள எண்ணோடு படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு அது வெலிங்டன். மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்குப் பெங்களூரு.

8. 1914-க்குப் பின்

முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் சேவைக் காகிதங்கள் இருந்த கிடங்கு 1940 செப்டம்பரில் குண்டுவீச்சில் எரிந்தது. பாதிக்கு மேல் அழிந்துவிட்டது. தப்பியவை டபிள்யூ.ஓ. 363. பென்ஷன் கோரியவர்களின் காகிதங்கள் வேறு அலுவலகத்தில் இருந்ததால் தீயில் சிக்கவில்லை; அவை டபிள்யூ.ஓ. 364. பென்ஷன் வாங்கியவரின் வாரிசுக்கு இது ஓர் அதிர்ஷ்டம். முதலில் 364-ஐத் திறங்கள்.

அதோடு பென்ஷன் அட்டைகளையும் பேரேடுகளையும் பாருங்கள். முதல் உலகப் போர் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களின் அமைப்பான வெஸ்டர்ன் ஃப்ரண்ட் அசோசியேஷன் காப்பாற்றிய இவை ஃபோல்டு3 தளத்தில் இருக்கின்றன. விதவையின் பெயர், பிள்ளைகளின் பிறந்த தேதி, முகவரி எல்லாம் ஒரே அட்டையில் கிடைக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று அட்டைகள் இருக்கலாம், எல்லாவற்றையும் எடுங்கள். முழுக் கோப்புகளில் மாதிரிக்காகக் காத்து வைத்தவை தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘பின் 26’ (PIN 26) தொகுப்பில் உள்ளன. மொத்தத்தில் சுமார் இரண்டு சதவீதம்தான் என்பதால் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

9. ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால்

இந்த வரிசையில் போங்கள்.

பெயரை உடைத்துத் தேடுங்கள். ‘மெக்’, ‘ஓ’ முன்னொட்டுகளை எடுத்துவிட்டு ஒருமுறை, சேர்த்து ஒருமுறை. அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் போடுங்கள். பொய்ப் பெயரில் சேர்ந்தவர்கள் பலர் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் உண்மைப் பெயரைச் சொன்னவர்களின் காகிதத்தில் இரண்டு பெயரும் இருக்கும்.

இடம் மாறிக் கோர்க்கப்பட்ட காகிதங்கள் டபிள்யூ.ஓ. 97-இன் கடைசியில் தனித் தொகுதியாக உள்ளன. முக்கியத் தொகுதியில் இல்லை என்பதற்காக அழிந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம்.

டபிள்யூ.ஓ. 120-இல் ரெஜிமென்ட் வாரியான பென்ஷனர் பதிவேடுகள் 1857 வரை உள்ளன. டிஸ்சார்ஜ் காகிதம் தொலைந்தவர்களின் பெயர் இங்கே இருக்கும். பல இடங்களில் இறந்த தேதியையும் ஓரத்தில் குறித்திருப்பார்கள்.

கடைசியில் ஆட்பட்டியலும் சம்பளக் கணக்கும்: டபிள்யூ.ஓ. 12, 1878 வரை. பீரங்கிப்படைக்கு டபிள்யூ.ஓ. 10. காலாண்டுக்கு ஒரு கணக்கு வீதம் ஒவ்வொரு சிப்பாயும் எந்த ஊரில், எந்த நிலையில் இருந்தார் என்று தெரியும். நேரம் பிடிக்கும் வேலை. ரெஜிமென்ட் உறுதியாகத் தெரியாமல் இதில் இறங்காதீர்கள். தெரிந்த கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கிப் போங்கள். பெயர் முதன்முதலில் தோன்றும் காலாண்டில் சேர்ந்த நாளும், பல கணக்குகளில் சேர்ந்த இடமும் எழுதியிருக்கும். அந்த இடத்துக்கு ஒரு நாள் நடைத் தொலைவில் உள்ள பாரிஷ்களின் ஞானஸ்நானப் பதிவுகளை அடுத்து எடுங்கள்.